நெட்வொர்க் டிரைவில் இருக்கும் புரோகிராம் ஓட மறுக்கிறதா? அனுமதிச் சிக்கலைப் படிப்படியாகப் பிடிப்பது எப்படி

அதே எக்ஸ்இ ஃபைல்தான். சொந்தக் கணினியின் சி டிரைவில் வைத்தால் ஓடுகிறது. சர்வரில் உள்ள ஷேரில் (நெட்வொர்க்கில் பலர் பகிரும் ஃபோல்டரில்) வைத்து இரண்டு முறை தட்டினால் 'ஆக்சஸ் இஸ் டினைட்' என்று முகத்தில் அடிக்கிறது. பக்கத்து மேசைக்காரருக்கு மட்டும் எந்தத் தொல்லையும் இல்லாமல் திறக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் உடனே செய்வது ஒன்று உண்டு: ஃபோல்டருக்குப் போய் 'எவ்ரிஒன்' என்ற குரூப்புக்கு 'ஃபுல் கண்ட்ரோல்' கொடுத்துவிடுவது.

அதைக் கடைசி வழியாகக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். பாதி நேரம் அதனால் பலனே இருக்காது, ஏனென்றால் மறுப்பு வேறு இடத்திலிருந்து வந்திருக்கும். பலன் இருந்துவிட்டால் இன்னும் மோசம். பலர் ஓட்டும் எக்ஸ்இ ஃபைலை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்றாகிவிடும். ஒரே ஒரு கணினியில் வைரஸ் நுழைந்தால் போதும், அந்த ஃபைல் வழியாக எல்லோர் கணினிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

நெட்வொர்க் டிரைவிலிருந்து ஒரு புரோகிராம் ஓட வேண்டுமானால் அது பல சோதனைகளைத் தாண்ட வேண்டும்: நீங்கள் யார் என்ற சோதனை, ஷேரின் அனுமதி, ஃபைலின் அனுமதி, அட்மினாக ஓட்டுகிறீர்களா என்பது, அந்த இடம் நம்பகமானதா என்பது, நிறுவனத்தின் பாலிசி (எதை ஓட்டலாம் என்ற விதிகள்). இவற்றில் பலவற்றில் தோற்றால் திரையில் வருவது கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான். அதனால் எது தடுக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு அதை மட்டும் சரிசெய்யுங்கள். கீழே உள்ளவை பெரும்பாலும் விண்டோஸுக்கானவை. சர்வர் லினக்ஸாகவோ நாஸ் பெட்டியாகவோ (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புச் சாதனம்) இருந்தால் கவனிக்க வேண்டியவை பின்பகுதியில் இருக்கின்றன.

முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

'ஓடல' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. வந்த வாசகத்தை அப்படியே எழுதி வையுங்கள், எண் இருந்தால் அதையும் சேர்த்து. எண் 5 என்றால் உங்களை சர்வருக்குத் தெரிகிறது, ஆனால் அந்த வேலையைச் செய்ய அனுமதி இல்லை. 53 என்றால் சர்வரையே எட்ட முடியவில்லை. 67 என்றால் சர்வர் கிடைத்தது, அந்தப் பெயரில் ஷேர் இல்லை. 1326 வந்தால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 86 வந்தால் பாஸ்வேர்டில்தான் கோளாறு. 53-ம் 67-ம் அனுமதிச் சிக்கலே அல்ல, எனவே ஃபோல்டர் அனுமதிகளை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

1272 என்ற எண் வந்தால் கதை வேறு. அடையாளம் எதுவும் கேட்காமல் 'கெஸ்ட்' என்று உள்ளே விடும் ஷேர்களைப் புதிய விண்டோஸ் ஏற்பதில்லை. அதைத்தான் இந்த எண் சொல்கிறது. பழைய நாஸ் பெட்டிகளில் இது அடிக்கடி வரும். கெஸ்ட் வழியை மறுபடி திறந்துவிடச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். அந்தப் பெட்டியில் முறையாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கி அதன் மூலம் இணைவதுதான் சரி.

சர்வர் உங்களை யாராக நினைக்கிறது?

கணினியில் எந்தப் பெயரில் நுழைந்தீர்களோ அதே பெயரில்தான் சர்வரிலும் இருக்கிறீர்கள் என்று எண்ண வேண்டாம். கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து 'ஹூஅமை' (whoami) என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக அடித்தால், இந்தக் கணினியில் நீங்கள் யார் என்று வரும். அதோடு '/குரூப்ஸ்' சேர்த்து அடித்தால் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறீர்கள் என்ற பட்டியல் கிடைக்கும். அப்புறம் 'நெட் யூஸ்' அடித்து எந்த டிரைவ் எழுத்து எந்த ஷேருக்குப் போகிறது என்று பாருங்கள்.

அடுத்து கண்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்பதைத் திறங்கள். எப்போதோ யாரோ 'பாஸ்வேர்டை நினைவில் வை' என்று டிக் போட்டிருந்தால், சர்வரின் பெயரோடு பழைய யூசர் பெயர் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் அதைத்தான் சர்வரிடம் நீட்டும். பக்கத்து மேசையில் ஓடுகிறது, எனக்கு ஓடவில்லை என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பழைய பதிவை நீக்கிவிட்டு, வெளியேறி மீண்டும் நுழைந்து பாருங்கள்.

1219 என்ற எண் வந்தால் காரணம் எளிது: ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயர்களில் இணைய விண்டோஸ் விடாது. 'நெட் யூஸ்' என்பதோடு நட்சத்திரக் குறியும் '/டெலீட்' என்பதும் சேர்த்து அடித்தால் எல்லா இணைப்புகளும் அறுந்துவிடும். பிறகு சரியான பெயரில் மட்டும் இணையுங்கள். திறந்திருக்கும் ஃபைல்களை முன்பே சேமித்துவிடுவது நல்லது.

இன்னொன்று பலரை மணிக்கணக்கில் அலைக்கழிக்கும். அட்மின் உங்களை ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டார், 'இப்போ பாருங்க' என்கிறார், இன்னும் மறுப்புதான் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. குரூப் பட்டியல் நீங்கள் லாகின் செய்யும் நேரத்தில் தயாராவது. நடுவில் சேர்த்தால் அடுத்த லாகின் வரை அது உங்களுக்குப் பொருந்தாது. திரையைப் பூட்டித் திறப்பது போதாது, முழுமையாக சைன் அவுட் செய்துவிட்டு வர வேண்டும்.

ஷேர் அனுமதியும் ஃபைல் அனுமதியும்

விண்டோஸ் சர்வரில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு தனித்தனி அனுமதிப் பட்டியல்கள் உண்டு. ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் 'ஷேரிங்' என்ற டேப்பில் இருப்பது ஒன்று. அதில் ரீட், சேஞ்ச், ஃபுல் கண்ட்ரோல் என்று மூன்றே நிலைகள். 'செக்யூரிட்டி' டேப்பில் இருப்பது இன்னொன்று, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் அமைப்பு) அனுமதி. இது நுணுக்கமானது. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டும் சேர்த்துப் பார்க்கப்பட்டு, எது குறைவோ அதுதான் கிடைக்கும். 'செக்யூரிட்டி' டேப்பில் ஃபுல் கண்ட்ரோல் கொடுத்துவிட்டு ஷேரில் ரீட் என்றே விட்டிருந்தால், அந்த யூசருக்குக் கிடைப்பது ரீட்தான். 'அட்வான்ஸ்டு ஷேரிங்' வழியாகப் புதிதாக ஒரு ஷேர் உருவாக்கினால் எவ்ரிஒன் குரூப்புக்கு ரீட் மட்டுமே இருக்கும் என்பதால் இந்தக் குழப்பம் ஓயாமல் நடக்கும்.

ஷேர் அனுமதியில் அந்தக் குழுவுக்கு சேஞ்ச் கொடுத்துவிட்டு, யார் எதைச் செய்யலாம் என்ற நுணுக்கத்தை முழுவதும் என்டிஎஃப்எஸ்ஸில் வைத்துக்கொள்வது என் வழக்கம். இரண்டு இடத்திலும் விதிகள் எழுதினால் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது.

இப்போது அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்போம். ஃபைலை உங்கள் கணினிக்குக் காப்பி எடுக்க முடிகிறது, காப்பி நன்றாக ஓடுகிறது, ஆனால் ஷேரில் வைத்து ஓட்ட முடியவில்லை. இப்படி இருந்தால் 'ரீட்' இருக்கிறது, 'ரீட் அண்ட் எக்ஸிகியூட்' இல்லை. படிக்க விடுவதும் ஓட்ட விடுவதும் என்டிஎஃப்எஸ்ஸில் வேறு வேறு உரிமைகள். எக்ஸ்இ ஃபைலில் மட்டுமல்லாமல் அது கூப்பிடும் டிஎல்எல் (துணை நிரல்) ஃபைல்களிலும் எக்ஸிகியூட் இருக்க வேண்டும். இல்லையென்றால் புரோகிராம் தொடங்கி நடுவில் விழும்.

ஃபோல்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது, அதற்குள் ஒரே ஒரு ஃபைல் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால், அது அங்கே எப்படி வந்தது என்று விசாரியுங்கள். விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் அது போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதிகளை எடுத்துக்கொள்ளும். அதே டிரைவுக்குள் மூவ் செய்தால் பழைய அனுமதிகளைச் சுமந்துகொண்டே வரும். ஒருவர் தன் தனி ஃபோல்டரில் புதிய பதிப்பைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சர்வரிலேயே இழுத்துப் பொது ஃபோல்டரில் போட்டிருப்பார். அவருக்கு மட்டும் ஓடும், மற்ற எல்லோருக்கும் மறுப்பு. சர்வரில் அட்மினாகக் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து, ஐ, சி, ஏ, சி, எல், எஸ் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, பின்னால் அந்த ஃபைலின் பாதையைக் கொடுத்தால் யாருக்கு என்ன உரிமை என்று காட்டும். கடைசியில் '/ரீசெட்' சேர்த்தால் ஃபைல் மேல் ஃபோல்டரின் அனுமதிகளை மறுபடி வாங்கிக்கொள்ளும். அந்த ஃபைலுக்கென்று வேண்டுமென்றே போட்ட விதி ஏதாவது இருந்தால் அதுவும் போய்விடும் என்பதால், முதலில் பார்த்துவிட்டு அப்புறம் அடியுங்கள்.

'டினை' பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் பல குரூப்பில் இருந்தால் அனுமதிகள் கூடிக்கொண்டே போகும். ஆனால் ஒரே மட்டத்தில் ஒரு டினை இருந்தால் அது அத்தனை அனுமதியையும் வெட்டிவிடும். கொடுக்காமல் விட்டாலே அனுமதி இல்லை என்றுதான் பொருள், எனவே டினை போட வேண்டிய தேவை அபூர்வம்.

'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' தட்டினால் டிரைவே காணாமல் போகிறது

புதியவர்களை இதைவிடக் குழப்பும் விஷயம் இல்லை. எக்ஸ்ப்ளோரரில் இசட் டிரைவ் கண்ணெதிரே இருக்கிறது. கமாண்ட் பிராம்ட்டை அட்மினாகத் திறந்து இசட் என்று அடித்தால் 'அப்படி ஒரு டிரைவே இல்லை' என்கிறது. இசட் டிரைவில் உள்ள இன்ஸ்டாலரைத் தட்டினால், 'யெஸ்' கொடுத்தபிறகு பாதை கிடைக்கவில்லை என்று நிற்கிறது.

விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்த யூஏசி (அட்மின் உரிமை வேண்டிய வேலைக்கு முன் அனுமதி கேட்பது) என்ற ஏற்பாடுதான் காரணம். அட்மின் உரிமை உள்ள ஒருவர் லாகின் செய்தால் விண்டோஸ் அவருக்கு இரண்டு அமர்வுகளை உருவாக்குகிறது: சாதாரண உரிமையுடன் ஒன்று, முழு உரிமையுடன் இன்னொன்று. டிரைவ் எழுத்துகள் அமர்வோடு ஒட்டியவை. சாதாரண அமர்வில் மேப் செய்த (ஷேரோடு இணைத்த) இசட், அட்மின் அமர்வுக்குத் தெரியாது.

தீர்வுகளில் எளிதானது டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு முழுப் பாதையைக் கொடுப்பது, அதாவது இரண்டு பின்சாய்கோடு போட்டு \\சர்வர்\ஷேர்\ஃபைல் என்ற வடிவில். அதுவும் இல்லையென்றால் அட்மின் கமாண்ட் பிராம்ட்டுக்குள்ளேயே 'நெட் யூஸ்' மூலம் இன்னொரு முறை மேப் செய்யலாம். இதை நிரந்தரமாகத் தீர்க்க ஒரு ரிஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) அமைப்பும் உண்டு. லோக்கல் மெஷின் கிளைக்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம் என்று வரிசையாகப் போய், 'எனேபிள்லிங்க்டுகனெக்‌ஷன்ஸ்' (EnableLinkedConnections) என்ற பெயரில் 32 பிட் டிவேர்ட் (எண் மதிப்பு) ஒன்றை உருவாக்கி மதிப்பை 1 ஆக வைத்து, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். இன்ஸ்டாலர் ஒன்றை ஒருமுறை ஓட்டுவதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம். அதை சி டிரைவுக்குக் காப்பி செய்து ஓட்டினால் வேலை முடிந்தது.

உங்கள் கணக்கில் அட்மின் உரிமையே இல்லாமல், யூஏசி கேட்கும்போது வேறொரு அட்மினின் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கிறீர்கள் என்றால் அந்த ரிஜிஸ்ட்ரி அமைப்பு உதவாது. அந்தப் புரோகிராம் இப்போது ஓடுவது அந்த அட்மினாக. அது கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் அட்மின் கணக்கு என்றால் சர்வருக்கு அவரைத் தெரியவே தெரியாது. கணினியில் சர்வ வல்லமை உள்ளவர் ஷேரில் யாரோ ஒருவர்தான்.

ஷெட்யூல்டு டாஸ்க்குகளுக்கும் சர்வீஸ்களுக்கும் இதே நியாயம். அவற்றில் டிரைவ் எழுத்தை எழுதவே வேண்டாம், முழுப் பாதைதான். 'சிஸ்டம்' கணக்கில் ஓடும் டாஸ்க், டொமைனில் (நிறுவனம் மையமாக நிர்வகிக்கும் கணினிக் குழுவில்) உள்ள சர்வரிடம் கணினியின் பெயரில் போய் நிற்கும். ஆகவே அந்தக் கணினிக் கணக்குக்கு ஷேரில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். டாஸ்க் அமைக்கும்போது 'பாஸ்வேர்டைச் சேமிக்காதே' என்ற பெட்டியில் டிக் போட்டிருந்தால் அந்த டாஸ்க்கால் நெட்வொர்க்கைத் தொடவே முடியாது. பெட்டியின் பக்கத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

ஓடுகிறது, ஆனால் சேமிக்கும்போது விழுகிறது

பழைய புரோகிராம்கள் பல, தாம் இருக்கும் ஃபோல்டரிலேயே அமைப்பு ஃபைல், லாக் ஃபைல், தற்காலிக ஃபைல் என்று எதையாவது எழுதும். அந்த ஃபோல்டரில் உங்களுக்கு ரீட் அண்ட் எக்ஸிகியூட் மட்டும் இருந்தால், திறக்கும்போதோ முதல் முறை சேமிக்கும்போதோ விழும். எந்த ஃபைலில் விழுகிறது என்று ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். மைக்ரோசாஃப்ட்டின் சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் 'பிராசஸ் மானிட்டர்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதை ஓட்ட அட்மின் உரிமை வேண்டும். திறந்ததும் வரும் ஃபில்டர் பெட்டியில் இரண்டு நிபந்தனைகள் கொடுங்கள்: பிராசஸ் பெயர் உங்கள் புரோகிராம், ரிசல்ட் 'ஆக்சஸ் டினைட்'. பிறகு புரோகிராமை வழக்கம்போல ஓட்டிப் பிழையை வரவழையுங்கள்.

ஒரு வரி இப்படி வரும்: ஆப்பரேஷன் 'கிரியேட்ஃபைல்', பாத் என்ற இடத்தில் ஷேருக்குள் இருக்கும் ஏதோ ஒரு ஐஎன்ஐ (அமைப்பு) ஃபைல், ரிசல்ட் 'ஆக்சஸ் டினைட்', டீடெய்ல் என்ற இடத்தில் 'ஜெனரிக் ரைட்'. கிரியேட்ஃபைல் என்றதும் புது ஃபைல் உருவாக்குகிறது என்று நினைக்க வேண்டாம், ஏற்கனவே இருப்பதைத் திறப்பதற்கும் அதே பெயர்தான். கவனிக்க வேண்டியது டீடெய்ல். அந்த ஐஎன்ஐ ஃபைலில் எழுதுவதற்கு அனுமதி கேட்டிருக்கிறது, கிடைக்கவில்லை. இப்படிப் பத்து வரிகள் வந்தால் பதறாதீர்கள். பல புரோகிராம்கள் முதலில் அதிகமாகக் கேட்டுப் பார்த்து, மறுத்தால் குறைவாகக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடும். பிழைச் செய்தி வந்த கணத்துக்குச் சற்று முன்னால் உள்ள வரிதான் உங்களுக்கு வேண்டியது.

கண்டுபிடித்த பிறகு அந்தத் தரவை எங்கே வைப்பது என்று யோசியுங்கள். புரோகிராமின் அமைப்பில் தரவு ஃபோல்டரை மாற்ற வழி இருந்தால், எக்ஸ்இ உள்ள ஃபோல்டருக்கு ரீட் அண்ட் எக்ஸிகியூட், தரவுக்கென்று தனி ஃபோல்டர் வைத்து அதற்கு மட்டும் 'மாடிஃபை' என்று பிரித்துவிடுங்கள். வழி இல்லையென்றால் அந்த ஒரு ஐஎன்ஐ ஃபைலுக்கு மட்டும் எழுத அனுமதி கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது திறந்திருக்கும் வரை பக்கத்திலேயே ஒரு லாக் ஃபைலை உருவாக்கி, கடைசி ஆள் மூடும்போது அழிக்கும். அதனால் ஃபைலில் எழுத அனுமதி இருந்தும் ஃபோல்டரில் உருவாக்கவும் அழிக்கவும் உரிமை இல்லையென்றால், ஒருவர் திறந்தவுடன் மற்றவருக்குத் திறக்காது.

ஒரு சின்ன விலகல்: எக்ஸ்இ ஃபைலைப் புதிய பதிப்பால் மாற்ற முயலும்போது வரும் மறுப்பு பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினை அல்ல. யாரோ ஒருவர் அதை ஓட்டிக்கொண்டிருப்பார். சர்வரில் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' திறந்து 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்', அதில் 'ஓப்பன் ஃபைல்ஸ்' பார்த்தால் யார் என்று தெரியும்.

எச்சரிக்கைப் பெட்டியும் பாலிசியும்

'வெளியிட்டவரைச் சரிபார்க்க முடியவில்லை, ஓட்டவா?' என்ற பெட்டி ஒவ்வொரு முறையும் வந்தால் நீங்கள் சர்வரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். புள்ளி இல்லாத வெறும் பெயரில் கூப்பிட்டால் விண்டோஸ் பொதுவாக அதை உள் நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்ளும். ஐபி முகவரியிலோ புள்ளிகள் உள்ள நீண்ட பெயரிலோ கூப்பிட்டால் இணையத்தில் எங்கோ இருக்கும் இடம் என்று சந்தேகப்படும். வெறும் பெயரில் மேப் செய்யுங்கள். அது முடியாவிட்டால் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' திறந்து, செக்யூரிட்டி டேப்பில் 'லோக்கல் இன்ட்ராநெட்' பட்டியலில் அந்த சர்வரைச் சேருங்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய பழைய புரோகிராம்களுக்குத் தனிக் கதை. 2008-இல் வந்த 3.5 சர்வீஸ் பேக் 1-க்கு முன்பு, ஷேரிலிருந்து ஓடும் டாட்நெட் புரோகிராமுக்குக் குறைந்த உரிமைதான் கிடைக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் என்ன கொடுத்தாலும் 'செக்யூரிட்டி எக்ஸெப்ஷன்' என்று விழும். புதிய பதிப்பை நிறுவுவதுதான் மருந்து.

'உங்கள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் தடுத்துள்ளார்' என்றோ 'குரூப் பாலிசி தடுத்துள்ளது' என்றோ வந்தால் அனுமதிகளைத் தொடாதீர்கள். ஆப்லாக்கர் (எந்தப் புரோகிராம் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் விண்டோஸ் வசதி) போன்ற பாலிசி வேலை செய்கிறது என்று பொருள். ஆப்லாக்கரின் இயல்பான விதிகள் சாதாரண யூசரை விண்டோஸ் ஃபோல்டரிலும் புரோகிராம் ஃபைல்ஸிலும் இருப்பதை மட்டுமே ஓட்ட விடும். நெட்வொர்க் டிரைவ் அந்தப் பட்டியலில் இல்லை. ஈவென்ட் வியூவரில் ஆப்லாக்கர் பதிவில் 8004 என்ற எண் இருந்தால் இதுதான் என்று உறுதி. இதைச் சுற்றிப் போக வழி தேடாமல், விதியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) ஒன்று ஷேரிலிருந்து ஓடி 'ஃபைல் கிடைக்கவில்லை' என்றால் அதை அனுமதிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கமாண்ட் பிராம்ட்டால் \\சர்வர் வடிவப் பாதையில் நிற்க முடியாது, விண்டோஸ் ஃபோல்டருக்குப் போய்விடும். 'புஷ்டி' (pushd) கட்டளையோடு பாதையைக் கொடுத்தால் தற்காலிகமாக ஒரு டிரைவ் எழுத்தை அதுவே ஒதுக்கிக்கொள்ளும்.

சர்வர் லினக்ஸ் அல்லது நாஸ் என்றால்

நாஸ் பெட்டிகள் பலவற்றில் உள்ளே ஓடுவது சாம்பா என்ற ஃபைல் பகிர்வு மென்பொருள். 4.0 பதிப்பிலிருந்து சாம்பா எக்ஸிகியூட் உரிமையைக் கண்டிப்பாகப் பார்க்கிறது. அதற்குமுன் படிக்க முடிந்தாலே ஓட்டவும் விட்டது. பழைய பெட்டியை மாற்றியதும், எல்லாம் அப்படியே இருந்தும் எக்ஸ்இ மட்டும் ஓடவில்லை என்றால் இங்கே பாருங்கள். அந்த ஃபைல்களுக்கு எக்ஸிகியூட் பிட்டை (ஓட்டலாம் என்ற குறியை) போடுவது முறையான வழி. எக்ஸிகியூட்டை எப்போதும் அனுமதிக்கும் ஓர் அமைப்பும் சாம்பாவில் உண்டு, ஆயிரக்கணக்கான ஃபைல்கள் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

நீங்கள் உட்கார்ந்திருப்பதே லினக்ஸ் கணினி என்றால் 'மவுன்ட்' கட்டளையை வெறுமனே அடித்து, அந்த ஷேரின் வரியில் 'நோஎக்ஸெக்' (noexec) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எந்த பிட்டைப் போட்டாலும் எதுவும் ஓடாது. என்எஃப்எஸ் (லினக்ஸ் உலகின் ஃபைல் பகிர்வு முறை) ஷேரில் 'சூடோ' (ரூட் என்ற முழு உரிமைக் கணக்கில் ஓட்டும் கட்டளை) போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 'ரூட் ஸ்குவாஷ்' என்ற இயல்பான அமைப்பு, ரூட்டாக வருபவரை உரிமை ஏதுமில்லாத யாரோவாக மாற்றிவிடும். சாதாரண யூசராகத் திறக்கும் ஃபைல்கூட சூடோ போட்டால் மறுக்கப்படுவது அதனால்தான்.

அட்மினிடம் கேட்கும்போது

சர்வர் உங்கள் கையில் இல்லையென்றால் 'டிரைவ் வேலை செய்யல' என்று எழுதி அனுப்பாதீர்கள். இப்படி எழுதலாம்: 'ஹூஅமை காட்டும் பெயர் இது. ஷேரின் முழுப் பாதை இது. எக்ஸ்இ ஃபைலைக் காப்பி எடுக்க முடிகிறது, ஷேரில் வைத்து ஓட்டினால் எண் 5 வருகிறது. அட்மினாக ஓட்டவில்லை. சக ஊழியருக்கு ஓடுகிறது. நேற்று என்னைக் குரூப்பில் சேர்த்தபின் சைன் அவுட் செய்து வந்துவிட்டேன்.' இவ்வளவும் இருந்தால் அவர் திரும்பக் கேள்வி கேட்க வேண்டியிருக்காது. சரிசெய்தாயிற்று என்று பதில் வந்ததும் சாதாரண யூசர் கணக்கில் ஓட்டி, ஒரு ஃபைலைச் சேமித்தும் பாருங்கள். அட்மின் கணக்கில் ஓடியது என்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது.